ஐவர் வாசித்த குழு, ஒருவர் கட்டிய தவணை

2018 ஆகஸ்டுக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை மாலை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பகல் ஷிப்டு முடித்து வீடு திரும்பும் வழியில், பினாங்குப் பாலத்து நெரிசலில் சிக்கி நின்றிருந்தேன். எங்கள் இசைக்குழுவின் வாட்ஸ்அப்பில் பாடகர் எழுதிய செய்தி அப்போதுதான் வந்தது. இனித் தனியாகப் பாடப் போவதாகவும், எட்டு ஆண்டு நட்புக்கு நன்றி என்றும், ஒப்புக்கொண்ட கல்யாணங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் நான்கே வரிகள். பாலத்தின் மறுமுனையான பிறைக் கரையில் இறங்குவதற்குள் கிட்டார் வாசித்தவர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வெளியேறியிருந்தார். அந்த நிமிடம் எனக்கு இசை நினைவுக்கு வரவில்லை, நட்பும் நினைவுக்கு வரவில்லை. வங்கியில் என் பெயரில் மீதமிருந்த 31 தவணைகள்தாம் நினைவுக்கு வந்தன. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தவணைகளைப் பற்றி யாராவது எனக்கு முன்கூட்டியே எச்சரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல இரவுகள் நினைத்ததால்தான் இதை எழுதுகிறேன். நால்வரும் இன்றும் இந்த வட்டாரத்திலேயே இருப்பதால், அவர்களை வாசித்த கருவியைக் கொண்டு மட்டும் குறிப்பிடுகிறேன்.

நாங்கள் பட்டர்வொர்த்தில் 2010இல் ஒன்று சேர்ந்தோம். கீபோர்டு அண்ணன் எங்களில் மூத்தவர். பாட்டைக் கேட்டவுடன் சுரம் பிரித்துவிடுவார். பாடகர் எல்லோரிலும் இளையவர், கூட்டத்தைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். கிட்டார் ஒருவர், டிரம்ஸ் ஒருவர், பேஸ் கிட்டார் வாசித்த நான், ஆக ஐந்து பேர். கடைவீட்டு மாடியில் மணிக்கு 25 ரிங்கிட் வாடகையில் ஜாம்மிங், அதாவது சேர்ந்து வாசித்துப் பழகுதல், செய்வோம். முடிந்ததும் கீழே தே தாரிக் குடித்துக்கொண்டே அதே பாட்டை மேசையில் தட்டி இன்னொரு மணி நேரம் பேசுவோம். முதல் நிகழ்ச்சி புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பிறந்தநாள் விருந்து. கிடைத்த 1,200 ரிங்கிட்டில் செலவு போக மிஞ்சியதை ஐந்தாகப் பிரித்து, வேனுக்குள்ளேயே கையில் கொடுத்துக்கொண்டோம். யாரோ ஒருவர் நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்து எழுதலாமே என்றபோது, 'நண்பர்களுக்குள் என்ன கணக்கு' என்று சொன்னவன் நான்தான். எங்கள் குழு உடைந்தது 2018இல் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்த வேனுக்குள் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த நாளையே சொல்வேன்.

2014இல் சொந்தமாக ஒலி அமைப்பு வாங்க முடிவெடுத்தோம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வாடகைக்கு எடுத்து எடுத்து அலுத்துப் போயிருந்தது. நிரந்தர வேலையும் சம்பளச் சீட்டும் உள்ளவன் நான் ஒருவன்தான் என்பதால், 30,000 ரிங்கிட் தனிநபர் கடன் என் பெயரில் எடுக்கப்பட்டது. மாதம் 532 ரிங்கிட், ஏழு ஆண்டுகள். ஆளுக்கு 106 ரிங்கிட்தானே, நிகழ்ச்சிப் பணத்திலிருந்தே கழித்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஒலிகளைக் கலக்கும் மிக்சர், வாசிப்பவர்கள் தம் ஒலியைக் கேட்க நான்கு மானிட்டர் ஸ்பீக்கர், மைக்குகள், கேபிள்கள் எல்லாம் வந்து இறங்கிய அன்று பெட்டிகளுக்குப் பொட்டு வைத்து எலுமிச்சை நசுக்கிப் படம் எடுத்துக்கொண்டோம். ஆனால் தவணை மாதந்தோறும் வரும், கல்யாணம் மாதந்தோறும் வராது. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை; அந்த மாதங்களில் கழிப்பதற்குப் பணமே இல்லை. அப்போதெல்லாம் முழுத் தொகையையும் நான் கட்டினேன். கேட்டால் கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கத்தில் அடுத்த மாதம் கேட்கவும் இல்லை.

ஒரு குழு கூட்டாகப் பொருள் வாங்கக்கூடாது என்பது இன்று என் உறுதியான கருத்து. அவரவர் கருவியை அவரவர் வாங்கட்டும். பொதுவான ஒலி அமைப்பு தேவையென்றால் வாடகைக்கு எடுக்கலாம். இல்லையென்றால் ஒருவரே தம் பணத்தில் வாங்கி, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் குழுவிடமிருந்து இவ்வளவு வாடகை என்று பெற்றுக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் குழு பிரியும் நாளில் பொருள் யாருடையது என்ற கேள்வியே எழாது. கூட்டாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ரசீதின் படத்தையும் யார் எவ்வளவு தந்தார் என்ற கணக்கையும் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப்பில் போட்டு, ஒவ்வொருவரிடமும் 'சரி' என்ற பதிலையாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். என்னிடம் ரசீது இருந்தது, அந்த ஒரு சொல் இல்லை.

பணத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்த இன்னொன்று உழைப்பு. கீபோர்டு அண்ணன் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் மூன்று நான்கு இரவுகள் கண் விழித்து, வீட்டார் கேட்ட பாடல்களுக்குப் பின்னணித் தாளமும் தந்தி ஒலிகளும் அமைப்பார். டிரம்ஸ் வாசித்தவர் நிகழ்ச்சி நேரத்துக்கு வந்து, முடிந்ததும் போய்விடுவார். இருவருக்கும் ஒரே பங்கு. அண்ணன் ஏழு ஆண்டுகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எட்டாவது ஆண்டில் கூலிம் மண்டபம் ஒன்றின் பின்வாசலில், கேபிளைச் சரியாகச் சுற்றவில்லை என்ற அற்பக் காரணத்துக்காக டிரம்ஸ்காரரை எல்லோர் முன்னிலையிலும் அவன் இவன் என்று பேசிவிட்டார். கேபிள்தான் காரணம் என்று நாங்கள் அன்று நம்பினோம். மனத்தில் இருப்பதைச் சொல்லாத மூத்தவரும், கேட்டறியாத இளையவர்களும் சேர்ந்த குழுவில், வெடிப்பதற்கு ஒரு கேபிளே போதுமானதாக இருக்கிறது.

சமபங்கு தவறு என்று நான் சொல்லவில்லை. அயர்லாந்தின் யூ2 குழுவினர் பல பத்தாண்டுகளாகப் பாடல்களின் இசைக்கான பெயரையும் வருமானத்தையும் நால்வருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு சேர்ந்தே இருந்திருக்கிறார்கள். பேசாத பங்குதான் தவறு. இங்கிலாந்தில் 1987இல் பிரிந்த தி ஸ்மித்ஸ் குழுவின் கதையை ஒரு வழக்கறிஞர் நண்பர் பின்னாளில் எனக்குச் சொன்னார். பாடகரும் கிட்டார் கலைஞரும் தலைக்கு 40 விழுக்காடு எடுத்துக்கொண்டு, டிரம்ஸ் வாசித்தவருக்கும் பேஸ் வாசித்தவருக்கும் பத்துப் பத்து விழுக்காடு கொடுத்துவந்தார்கள். டிரம்ஸ் கலைஞர் வழக்குத் தொடுத்தார். வேறு பங்குக்கு உடன்பட்டதாக நிறுவப்படாததால் சமபங்கே செல்லும் என்று 1996இல் தீர்ப்பாகி, அவருக்கு 25 விழுக்காடு கிடைத்தது. அங்கே பொருந்தியது 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம். நம் மலேசியாவின் 1961ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமும் அதன் வார்ப்புத்தான்: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் இலாபமும் சமம், நட்டமும் சமம். பேஸ்காரனான எனக்கு அந்தக் கதை இனிக்காமல் இருக்குமா? ஆனால் அதே விதியைக் கீபோர்டு அண்ணனின் கண்விழிப்புகளுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால், சட்டம் தரும் சமம் வேறு, மனம் ஏற்கும் சமம் வேறு என்று தெரிகிறது. பின்னணி அமைப்பதற்கு ஒரு நிகழ்ச்சிக்கு 200 ரிங்கிட் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சமமாகப் பிரித்திருந்தால், அண்ணன் அந்தப் பின்வாசலில் அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பாடகர் பிரிந்ததை நான் நெடுங்காலம் துரோகம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கோபம் ஆறிய நிலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டு ஒரு கல்யாண டின்னருக்கு நாங்கள் வாங்கியது 3,500 ரிங்கிட். வேனுக்கும் பெட்ரோலுக்கும் டோலுக்கும் 250, ஒலி பார்ப்பவருக்கு 300, ஜாம்மிங் வாடகை 100, மாதத்தின் முதல் நிகழ்ச்சி என்றால் தவணைக்கு 532. மீதி 2,318, ஆளுக்கு 463 ரிங்கிட். அதே பாடகர் ஒரு மடிக்கணினியில் மைனஸ் ஒன் எனப்படும் குரலில்லாத பின்னணி இசையை ஓடவிட்டுத் தனியாகப் பாடினால் 900 ரிங்கிட், அத்தனையும் அவருக்கே. கல்யாண வீட்டாரும் ஐந்து பேருக்குச் சாப்பாடு போட வேண்டியதில்லை, மேடையும் சிறிதாக இருந்தால் போதும். அவருக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. குழுக்கள் பிரிவதற்கு ஆணவம் காரணம், பெண் காரணம் என்று ஊர் பேசும். வகுத்தல் கணக்கை யாரும் பேசுவதில்லை. முன்னால் நிற்பவருக்குத் தனியாகச் சம்பாதிக்கும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது, பின்னால் நிற்கும் பேஸ்காரனுக்கு அது இல்லை. ஆகவே பாடகரைக் குழுவில் வைத்திருக்க விரும்புகிறவர்கள், அவர் தனி நிகழ்ச்சிகள் செய்வதைத் தடுக்காமல், எந்தத் தேதிகள் குழுவுக்கு, எவை அவருக்கு என்று முன்பே பேசிவிடுவது நல்லது. நாங்கள் தனியாகப் பாடக்கூடாது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டோம். அவர் மறைத்துப் பாடினார், பிறகு மறைக்க அலுத்துப்போய் வெளியேறினார்.

பிரிந்த பிறகு நடந்தவை அசிங்கமானவை. மிக்சர் தன் வீட்டில்தான் இருக்கிறது, தன் வேலைக்கு ஈடாக வைத்துக்கொள்கிறேன் என்றார் கீபோர்டு அண்ணன். இரண்டு மானிட்டர்கள் கிட்டார்காரருடன் போயின. மிஞ்சியவற்றை விற்றதில் 6,200 ரிங்கிட் கிடைத்தது. 31 தவணைகள் 16,492 ரிங்கிட். நவம்பர் மாதத்துக் கல்யாணங்கள் இரண்டுக்கு நான் வாங்கிய முன்பணம் 1,500 ரிங்கிட், வேன் பழுதுக்கு ஏற்கெனவே செலவாகியிருந்தது; அதையும் என் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். ஒரு மணப்பெண்ணின் தந்தை, 'தம்பி, பத்திரிகையிலேயே உங்கள் குழுப் பெயரைப் போட்டுவிட்டோமே' என்று சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. மொத்தத்தில் 11,792 ரிங்கிட் என் தலையில் விழுந்தது. மனைவியிடம் மூன்று மாதம் சொல்லவில்லை. அடகுக் கடைக்குப் போக அவளுடைய சங்கிலி தேவைப்பட்ட அன்றுதான் சொன்னேன். பணத்தைவிட அந்த மூன்று மாத மௌனம்தான் அவளுக்கு வலித்தது. அவளுடைய மாமா ஒருவர் ஆறுதலாக, 'மெல்லிசை மன்னர்களே 1965இல் பிரிந்தவர்கள்தானே, 1995இல் மறுபடியும் ஒரு படத்துக்குச் சேர்ந்து இசையமைக்கவில்லையா' என்றார். அவர்கள் பிரிந்தபோது ஸ்பீக்கர் கடன் யார் பெயரில் இருந்தது மாமா என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். முன்பணம் என்பது நிகழ்ச்சி முடியும்வரை நம்முடைய பணமே இல்லை என்பதை அந்தத் தந்தையின் முகத்திலிருந்துதான் கற்றேன். அதற்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, நிகழ்ச்சி முடியும்வரை கை வைக்காதீர்கள்.

அடுத்தது பெயர். 2017இல் ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விருந்துக்கு முறையான விலைப்பட்டியல் கேட்டார்கள் என்பதற்காக, பாடகர் எங்கள் குழுப் பெயரைத் தம் ஒருவர் பெயரில் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் தனி உரிமையாளர் வணிகமாகப் பதிந்தார். ஆண்டுக்கு 60 ரிங்கிட் கட்டணம், நாங்கள் கைதட்டினோம். முகநூல் பக்கமும் அவருடைய கணக்கிலிருந்தே திறக்கப்பட்டது. பிரிந்த மறுவாரம் அதே பெயரில், அதே பக்கத்தில், அவர் படம் மட்டும் இருந்தது. எட்டு ஆண்டுகளின் காணொளிகளும் அங்கேயே இருந்தன. எஸ்.எஸ்.எம். பதிவு என்பது வணிகம் நடத்துவதற்கான பதிவு மட்டுமே, பெயரின் மீது வணிகச் சின்ன உரிமையைத் தராது என்பதும், அதற்கு மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், அந்தப் பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. சிறு குழுக்கள் அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் யாருடையது, யார் போனால் யாரிடம் தங்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். பக்கத்துக்கு இரண்டு நிர்வாகிகளாவது இருக்கட்டும்.

பினாங்கில் பிறந்து வளர்ந்த நமக்கு இதற்குக் கண்முன் சான்று ஒன்று இருக்கிறது. ஆறுமுகம் சகோதரர்களான டேவிட்டும் லோகநாதனும் இங்கே தொடங்கிய அலிகேட்ஸ் குழு, 1970களில் ஹாங்காங் வரை சென்று வாசித்து, பிறகு மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ் பெற்றது. உடன் வாசித்தவர்கள் காலப்போக்கில் மாறினார்கள். 2007இல் லோகநாதன் காலமானார். அதன் பிறகும் டேவிட் அதே பெயரோடு மேடையேறினார். குழு என்றால் யார் என்பதில் கேட்பவர்களுக்கும் குழப்பமில்லை, வாசிப்பவர்களுக்கும் குழப்பமில்லை என்பதே அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. எல்லோரும் தலைவர்கள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டோமே, நடைமுறையில் அதன் பொருள் மண்டபத்துக்காரரின் அழைப்பை யார் எடுப்பது என்று தெரியாது என்பதுதான்.

2016இல் நாங்கள் ஒரே ஒரு சொந்தப் பாடலும் செய்திருந்தோம். மெட்டு அண்ணனுடையது, வரிகள் பாடகருடையவை, தொடக்கத்தில் வரும் பேஸ் வரிசை என்னுடையது. பிரிந்த பிறகு பாடகர் அதைப் புதிய இசையமைப்பில் தம் பெயரில் மட்டும் வெளியிட்டார். மெட்டுக்கும் வரிகளுக்கும் தனித்தனி உரிமை உண்டு. பாடலின் இசை ஏற்பாட்டில் வாசித்தவருக்கு மெட்டின் உரிமை தானாக வந்துவிடாது. ஆகவே எனக்குப் பெரிதாகக் கோர ஒன்றுமில்லை, அண்ணனுக்குத்தான் இழப்பு. பாடல் முடிந்த அன்றே, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் சேரும் எம்.ஏ.சி.பி. அமைப்பில் இருவரும் உறுப்பினராகி, அந்தத் தாளின்படியே பாடலைப் பதிந்திருக்க வேண்டும். பாட்டு சூடாக இருக்கும்போது எல்லோரும் தாராளமாக இருப்பார்கள். அப்போது எழுதுவதே எளிது.

சட்ட வழியில் போகலாமா என்று அதே வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டேன். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே, வாட்ஸ்அப் செய்திகளையும் சான்றாகக் காட்டலாம், ஒருவர் பங்கு 2,358 ரிங்கிட்தான் என்பதால் வழக்கறிஞர் வைக்காமலே 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நானே தொடுக்கலாம், ஒப்பந்தக் கோரிக்கைக்கு இங்கே ஆறு ஆண்டு காலவரம்பு உண்டு என்றார். ஆனால் வங்கிக்கு நான் ஒருவன் மட்டுமே கடன்காரன், அங்கே எந்தக் கூட்டாண்மைச் சட்டமும் எனக்கு உதவாது என்றும் சொன்னார். படிவத்தை நிரப்பினேன். அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. டிரம்ஸ்காரர் அந்த வாரம் தானாகவே வந்து 800 ரிங்கிட் கொடுத்து, இதற்கு மேல் தன்னால் முடியாது என்றார். அவரை விட்டுவிட்டு மற்ற மூவர்மீது மட்டும் வழக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மண்டபங்கள் எல்லாம் மூடப்பட்டபோது, தனியாகப் பாடியவர், குழுவாக வாசித்தவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் வருமானம் நின்றது. அந்த ஏப்ரலில் வங்கிகள் ஆறு மாதத் தவணைத் தள்ளிவைப்புத் தந்ததால், என் கடைசித் தவணை 2021 செப்டம்பருக்குப் போனது. கட்டி முடித்த அன்று மகிழ்ச்சி எதுவும் வரவில்லை, அசதிதான் வந்தது.

இப்போது வேறு மூவருடன் வாசிக்கிறேன். முதல் ஜாம்மிங்குக்கு முன்னால் ஒன்றரைப் பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். பணம் எப்படிப் பிரியும், பின்னணி அமைப்பவருக்கு எவ்வளவு, பொருள் யாருடையது, முன்பணம் எங்கே இருக்கும், பெயர் யாரிடம் தங்கும், விலக நினைப்பவர் எத்தனை மாதம் முன்பு சொல்லி ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுக்க வேண்டும் என்பவை மட்டுமே அதில் இருந்தன. கிட்டார் வாசிக்கும் தம்பி சிரித்துவிட்டு, 'என்னண்ணே, கல்யாணத்துக்கு முன்னாலேயே விவாகரத்துப் பத்திரமா' என்றான். நான் சிரிக்கவில்லை. அவன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, மறுநாள் ஒரு திருத்தம் கேட்டான்: யாருக்காவது உடல்நலமில்லாமல் மாற்று ஆள் வாசித்தால் பங்கு யாருக்கு என்று அதில் இல்லை. நான் யோசிக்காத ஒன்று. மாற்று ஆளுக்கு முதலில் கூலி, மிஞ்சியது படுத்திருப்பவருக்கு என்று சேர்த்தோம். எங்களுக்குள் சண்டையே வருவதில்லை என்று சொல்ல மாட்டேன். போன தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் வாசிக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். ஆனால் அது வாசிப்பைப் பற்றிய சண்டை.

சில மாதங்களுக்கு முன்னால் கீபோர்டு அண்ணன் அழைத்தார். சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாணம், பேஸ் வாசிப்பவர் வரவில்லை, வருகிறாயா என்றார். நான் கேட்பதற்கு முன்பே, 'நானூற்றைம்பது வெள்ளி, டோல் தனி' என்று தொகையைச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். ஒலி அமைப்பை வாடகைக்கு எடுக்கிறீர்களா என்று கேட்டதற்குச் சற்றுத் தயங்கி, 'இல்லப்பா, நம்ம மிக்சர்தான். ஒரு சேனல் போச்சு, மத்ததெல்லாம் நல்லா ஓடுது' என்றார். எந்தச் சேனல் அண்ணே என்று கேட்டேன்.